நடுவில் விழுந்த பந்து

பந்து நல்ல உயரத்துக்குப் போயிற்று. அதன் கீழே இரண்டு குழந்தைகள் வந்து நின்றார்கள். ஒரு பக்கம் ஆதர்ஷ், மறுபக்கம் ரித்திகா. இரண்டு பேருக்கும் எட்டு வயது, இரண்டு பேர் இடது கையிலும் கிளவுஸ். இருவரும் அண்ணாந்து பந்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க புடிங்க ரித்திகா."

"பரவால்லீங்க, நீங்களே புடிங்க."

"இல்லீங்க, உங்களுக்குத்தான் பக்கம்."

பந்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அது இரண்டு பேருக்கும் நடுவில், யார் மனமும் நோகாத இடமாகப் பார்த்துப் பொத்தென்று விழுந்தது. அதைத் தரையிலிருந்து யார் எடுப்பது என்பதில் அடுத்த உபசாரம் ஆரம்பமாயிற்று.

மட்டையைத் தோளில் சாய்த்தபடி நின்ற மெஹராஜ் கண்களை மூடிக்கொண்டாள். பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் ஆடிய காலத்தில் அவள் எத்தனையோ விதமான தப்புகளைப் பார்த்திருக்கிறாள். கைக்கு வந்த பந்தை நழுவவிடுவார்கள், வெயில் கண்ணில் அடித்தது என்பார்கள், ஷூவைக் குறை சொல்வார்கள். மரியாதையால் பந்தைக் கோட்டைவிட்டவர்களை இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

அவள் வளர்ந்த வீடு வேறு மாதிரி. உக்கடம் மீன் சந்தையில் ஏலம் கூவுகிற ரசாக்கின் மகள் அவள். வீட்டில் பிரியாணிச் சட்டியில் கடைசிக் கறித்துண்டு தெரிந்தால், தெரிந்த கணமே யாராவது அதன்மேல் உரிமை கொண்டாடிவிடுவார்கள். வாய் திறக்காமல் யோசித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு எலுமிச்சைத் துண்டுதான் மிஞ்சும்.

பள்ளிக்கூடம் சரவணம்பட்டியைத் தாண்டி, கம்பெனிக் கட்டடங்கள் முடிந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. தாளாளர் தம்பிதுரை பரம்பரை விவசாயக் குடும்பம்; அப்பா காலத்தில் பம்புசெட்டுத் தொழில், இவர் காலத்தில் கல்வி. மற்ற பள்ளிக்கூடங்கள் மதிப்பெண்ணைக் காட்டி ஆள் பிடித்தால், தம்பிதுரை மரியாதையைக் காட்டிப் பிடித்தார். இங்கே குழந்தைகள் தங்களுக்குள்கூட நீ, வா, போ என்று பேசக்கூடாது. அட்மிஷனுக்கு வருகிறவர்களை வாசலில் ஒரு யூகேஜி குழந்தை கைகூப்பி, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்கும். அதோடு பெற்றோர் உருகிப்போவார்கள். அதன் பிறகு ஃபீஸைச் சொன்னாலும் மறுபேச்சு வராது. சரக்கு நல்ல சரக்கு என்பதை மெஹராஜே ஒப்புக்கொள்வாள். பந்து பிடிக்கத்தான் உதவவில்லை.

விளையாட்டு ஆசிரியையாக வந்து சேர்ந்த மாதத்திலேயே தாளாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்க அம்மணி, புது வெளையாட்டுன்னு சொன்னீங்க. நானும் ஜன்னல்ல பாத்துட்டேதான் இருக்கறேன். குழந்தைக பந்தைச் சுத்தி நின்னு கும்புடு போட்டுட்டு இருக்குதுக."

"இப்பத்தானுங்க சார் ஆரம்பிச்சிருக்கோம்."

"பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர் கார் நிறுத்தறதுக்கு அந்த எடத்தைக் கேக்கறாருங்க. சும்மா கெடக்கற எடந்தானேன்னு நானும் குடுத்தர்லாம்னு இருக்கறேன்."

"அது சும்மா கெடக்கலீங்களே சார். நாங்க இருக்கோமே."

தம்பிதுரை கெட்டவர் இல்லை. யார் என்ன கேட்டாலும் முகத்தில் அடித்தாற்போல மறுக்க வராது, அவ்வளவுதான்.

"செரி, இப்புடி வெச்சுக்கலாம். வார மாசம் மொத ஞாயித்துக்கெழம பெருந்துறையில இருந்து ஒரு ஸ்கூல் டீமு வருதுன்னீங்க. அன்னைக்கு மேல போன பந்து ஒண்ணு, ஒரே ஒண்ணு, கீழ உழுகாமப் புடிச்சுக் காட்டச் சொல்லுங்க. எடம் குழந்தைகளுக்கு. இல்லாட்டி மண்டபத்துக்கு."

முதலில் சொன்ன விலைக்கு ஒப்புக்கொள்வது மெஹராஜின் குடும்பத்தில் இல்லாத பழக்கம்.

"தரையில உருண்டு வர்ற பந்தையும் சேத்துக்கலாமுங்களா?"

"அதை எங்கூட்டு நாயே புடிக்குமுங்களே. மேல போற பந்துதான்."

"யார் புடிச்சாலுமுங்களா?"

"யார் புடிச்சா என்னங்க."

"எப்படிப் புடிச்சாலும்?"

"கீழ உழுகாம இருந்தாச் செரி அம்மணி. விடமாட்டீங்களாட்ட இருக்குது."

"அவ்வளவுதானுங்க சார்" என்று எழுந்தாள். பேரத்தில் கடைசியாக ஒரு சின்னச் சலுகையைக் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொள்ள வேண்டும், அது எதற்கென்று அப்போது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இது மீன் சந்தையில் படித்த பாடம்.

தாளாளர் வீட்டு நாய் பிடிக்கும் என்றாரே, அந்தத் தரைப்பந்தைப் பிடிக்கவே குழந்தைகள் ஒரு வாரம் பாடுபட்டார்கள். உருண்டு வந்த பந்து முதலில் எல்லோருடைய கால்களுக்கும் நடுவில் புகுந்து போயிற்று. காலை அகட்டி, முட்டியை மடக்கி, ஸ்டூலில் உட்காரப் போகிறவர்கள் மாதிரி நில்லுங்கள் என்றாள். பந்து வந்த பிறகு கையை இறக்காதீர்கள், வருவதற்கு முன்னாலேயே கிளவுஸ் தரையைத் தொட வேண்டும் என்றாள். தலையை ஆட்டினார்கள், பந்து போயே போயிற்று. கடைசியில் வேறு வழியில் வந்தாள்.

"தோட்டத்து ஊட்டுல இருந்து வர்றவங்க யாரு? கோழி அமுக்கியிருக்கீங்களா?"

பாதிக் கைகள் உயர்ந்தன. அடுக்ககத்திலிருந்து வருகிற அய்மன் மட்டும் வருத்தத்துடன், "நாங்க வாங்கற கோழி ஓடாதுங்க மிஸ். தோலை உரிச்சுத்தான் குடுப்பாங்க" என்றான்.

"ஒத்தைக் கையில அமுக்குனா என்ன ஆகும்?"

"றெக்கைய அடிச்சுட்டு ஓடிப்போயிருமுங்க" என்றாள் ரித்திகா.

"கோழி ஒரு பக்கம் போகுது, நாம நின்ன எடத்துலயே நின்னு கையை மட்டும் நீட்டுனா?"

"கெடைக்காதுங்க. அதுக்கு நேரா நாம போயிறணும்."

"அதேதான். நேராப் போங்க, கீழ கிளவுஸ், மேல இன்னொரு கை. பந்து இல்ல அது, கோழி."

அன்று சாயங்காலம் மைதானத்தில் கோழிகள் வரிசையாக அமுக்கப்பட்டன. அய்மன்கூட ஒன்றை அமுக்கி, அது இறக்கை அடிக்கிறதா என்று கிளவுஸைத் திறந்து பார்த்துக்கொண்டான். உயரப் பந்தும் அப்படியே வசப்பட்டது. கையை நெற்றிக்கு மேலே வைத்து, பந்துக்குக் கீழே போய் நின்று, தனியாக நிற்கிற குழந்தை பத்தில் ஏழெட்டைப் பிடித்தது. இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் அடித்தால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. உபசாரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நடுவுல வர்ற பந்துக்கு யாராச்சும் ஒருத்தர் 'எனக்கு'ன்னு சத்தமாச் சொல்லணும்" என்றாள் மெஹராஜ். "எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

குழந்தைகள் காலால் மண்ணைக் கிளறினார்கள்.

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க மிஸ்" என்றான் ஆதர்ஷ் மெல்ல. "தப்புங்க."

மறுநாள் அவள் வரும்போது பேக்கரியிலிருந்து தேங்காய் பன் ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். வியாபாரம் மந்தமாக இருக்கிற காலையில் அவள் அத்தா ரசாக் முதல் கூடையை, முதலில் வாய் திறந்தவனுக்குக் கண்ட விலைக்கு விட்டுக்கொடுத்துச் சந்தையைச் சூடேற்றுவார். அந்த ஞாபகத்தில் செய்தாள். குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒரு பன்னைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"இது 'எனக்கு'ன்னு மொதல்ல சொல்றவங்களுக்கு."

பன்னில் நெய் மினுங்கியது. எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்டது. ரித்திகா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, "நீங்க வாங்கிக்கங்க" என்றாள்.

மெஹராஜ் பன்னைப் பிய்த்துத் தானே வாயில் போட்டாள். அவசரமே இல்லாமல், தேங்காய்ப் பூரணம் ஓரத்தில் தள்ளுவதை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு, கடைசித் துணுக்குவரை தின்று முடித்தாள். குழந்தைகள் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு காரியத்தைப் பெரியவர்கள் செய்து அவர்கள் பார்த்ததில்லை.

இரண்டாவது பன் மேலே போனது.

"எனக்கு" என்று ஒரு குரல் கேட்டது. ஆதர்ஷ்தான். சொல்லிவிட்டு, யார் சொன்னது என்று தானே திரும்பிப் பார்த்தான்.

மூன்றாவது பன்னுக்கு மைதானமே அதிர்ந்தது.

அந்த அதிர்வு ஜன்னல் வழியாகத் தாளாளர் அறைக்கும் போயிற்று. இரண்டே நாளில் மறுபடி கூப்பிட்டனுப்பினார்.

"என்னங்க அம்மணி இது. எம்பட பள்ளிக்கூடத்துல சந்தைக்கடைச் சத்தம் கேக்குது."

"பந்துக்குக் கேக்கறாங்க சார்."

"பந்தோட நின்னாப் பரவால்லீங்களே. நேத்து ஒரு அம்மா போன் போட்டுச்சு. ராத்திரி கடைசித் தோசைக்குப் பையன் 'எனக்கு'ன்னு கத்திப்போட்டானாமா. இதுக்கா உங்க ஸ்கூல்ல சேத்தோம்னு கேக்குது."

"தோசை யாருக்குக் கெடைச்சுதுங்க சார்?"

"அதை நான் கேக்கலீங்க" என்றார் தம்பிதுரை. ஆனால் கேட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் அவர் முகத்தில் தெரிந்தது. "மரியாதைன்னா விட்டுக்குடுக்கறதுங்க. அதைச் சொல்லித்தான் நான் இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டுனேன்."

"ரெண்டு குழந்தைக பேசாம ஓடி வந்தா மண்டையும் மண்டையும் முட்டிக்குமுங்க சார். நான் எடுக்கறேன்னு முன்கூட்டியே சொல்றது பக்கத்துல இருக்கறவங்களுக்குச் செய்யற உபகாரம். சொல்லாமலே நின்னா யாருக்கும் இல்லாமப் போயிரும்."

மெஹராஜ் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபம் கண்ணாடி பதித்துப் பளபளத்தது.

"அந்த மண்டபம் இருக்கற எடம் முன்னாடி என்னவா இருந்துச்சுங்க சார்?"

கேட்டவளுக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். பள்ளி வேன் ஓட்டுநர் முதல் கேன்டீன்காரர் வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை அது. அந்தக் காடு விலைக்கு வந்தபோது தம்பிதுரைக்கும் ஆசை, அவர் மனைவியின் அண்ணனுக்கும் ஆசை. "நீங்க வாங்கிப்போடுங்க மாப்ளே" என்றார் மச்சான். "நீங்க இருக்கறப்ப நானாங்க மச்சான், நீங்க மொதல்ல பாருங்க" என்றார் தம்பிதுரை. காடு விற்கிறவரோ இரண்டு வீட்டிலும் விருந்து சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தார். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. ஒரு நாள் கிருபாசங்கர் என்று ஒருவர் டீ குடிக்கக் காரை நிறுத்தினார், காட்டைப் பார்த்தார், யாருடையது என்று கேட்டார், டீ ஆறுவதற்குள் அட்வான்ஸ் கொடுத்தார். இப்போது முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அந்த மண்டபத்து ஒலிபெருக்கி பள்ளிக்கூடத்தை நோக்கிப் பாடுகிறது.

"சோளக்காடு" என்றார் தம்பிதுரை.

"நல்ல காடுங்களா?"

"நல்ல காடுங்க." எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிறகு, "ஞாயித்துக்கெழம பாக்கலாம் போங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல முகூர்த்த நாள். விடிந்ததிலிருந்து மண்டபத்தில் மேளம். மச்சானும் அங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், மொய் எழுதிவிட்டு தம்பிதுரையைப் பார்க்க மைதானத்துக்கு வந்தார். வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலிகள் இருந்தும், யார் முதலில் உட்காருவது என்று தீர்வதற்குள் பெருந்துறைப் பிள்ளைகள் மட்டையோடு வந்து நின்றுவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே முதல் உயரப் பந்து வந்தது. "எனக்கு" என்றான் ஆதர்ஷ். "எனக்கு" என்றாள் ரித்திகா. இடது கோடியில் நின்ற அய்மனும், இன்னும் பலரும் எனக்கு எனக்கு என்று கத்திக்கொண்டே பாய்ந்து வந்து, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்தார்கள். பந்து அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் தனியாக விழுந்தது.

"நல்லாக் கேக்கறாங்க மாப்ளே" என்றார் மச்சான். தம்பிதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த உயரப் பந்துக்கும் குவியல்தான். அதற்கடுத்ததற்கு முட்டி சிராய்த்து ஒரு குழந்தை அழுதது. இடத்தை எடுத்துக்கொண்டால் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு இடம் கிடையாது. வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் பந்து விளையாட எந்தப் பள்ளிக்கூடமும் விடாது. இதில் தன் தப்பும் இருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏலத்தில் கூவுவதைச் சொல்லிக்கொடுத்தவள், ஒருவருக்கு முடிந்த பிறகு மற்றவர்கள் விலகிக்கொள்வதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாதி ஏலத்தைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

இடைவேளையில் எல்லோரையும் சுற்றி உட்காரவைத்தாள்.

"ஒருத்தர் 'எனக்கு'ன்னு சொல்லிட்டா, மத்தவங்க என்ன செய்யணும்?"

"இன்னும் சத்தமாச் சொல்லணுமுங்க" என்றான் அய்மன்.

"விட்டுக்குடுக்கணும்."

குழந்தைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அதை நான் உங்களுக்குச் சொல்லித் தரணுமா? அதுல நீங்கதான் எனக்கு மிஸ். 'எடுத்துக்கங்க'ன்னு கையைக் காட்டுங்க. காட்டிட்டுச் சும்மா நிக்காம, அவங்களுக்குப் பின்னால ஓடிப்போய் நில்லுங்க. கோழி கை தப்பி வந்துச்சுன்னா நீங்க அமுக்கணும். புரிஞ்சுதா?"

"இவ்வளவுதானுங்களா மிஸ்?" என்றாள் ரித்திகா. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க."

நியாயமான புகார்தான். மெஹராஜ் தண்ணீர் குடித்தாள்.

கடைசி இன்னிங்ஸ். பெருந்துறை எவ்வளவு முன்னால் இருந்தது என்பதை எண்ணுவதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். மண்டபத்தில் தாலி கட்டியாகிவிட்டதால் மேளம் ஓய்ந்து, சினிமாப் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தார்கள். வேப்பமர இலையே அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பந்து மேலே எழும்பியது. அது ஆதர்ஷுக்கும் ரித்திகாவுக்கும் சரியாக நடுவில் இறங்கி வந்தது.

ஆதர்ஷ் "எனக்கு" என்று கத்தினான். கத்தினான் என்பது அவன் கழுத்து நரம்பிலிருந்துதான் தெரிந்தது. ஒலிபெருக்கிக்கு முன்னால் எட்டு வயதுக் குரல் எந்த மூலைக்கு. யாருக்கும் கேட்கவில்லை, பக்கத்தில் ஓடிவந்த ரித்திகாவுக்கும் கேட்கவில்லை. மெஹராஜ் எழுந்து நின்றுவிட்டாள்.

ஆனால் ரித்திகா பந்தை மட்டும் பார்க்கவில்லை. எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று யூகேஜியிலிருந்தே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஓடிவந்த வேகத்திலேயே ஆதர்ஷ் முகத்தைப் பார்த்தாள். வாய் அசைவது தெரிந்தது. உடனே நின்றாள். விருந்தாளியைப் பந்திக்கு அழைப்பது போல இரண்டு கைகளையும் நீட்டி, எடுத்துக்கங்க என்று காட்டினாள். காட்டிவிட்டு அவனுக்குப் பின்னால் ஓடினாள்.

ஆதர்ஷ் பந்துக்குக் கீழே போனான். கையை நெற்றிக்கு மேலே வைத்தான். எல்லாம் சரியாகச் செய்தான், மேல் கையை மட்டும் மறந்துபோனான். பந்து கிளவுஸில் விழுந்தது, இறக்கை அடித்தது, எகிறி அவன் தோளுக்கு மேலே பின்னால் பாய்ந்தது.

பின்னால் ரித்திகா இருந்தாள். கீழே கிளவுஸ், மேலே கை, இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மெல்ல ஒரு விரலை நீக்கிப் பார்த்தாள். பந்து இருந்தது.

நடுவராக நின்ற பெருந்துறை பி.டி. மாஸ்டர் அவுட் என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

வேப்பமரத்தடியில் தம்பிதுரை நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். தான் எப்போது எழுந்தோம் என்பது அவருக்கே தெரியாது.

"இது செல்லுமுங்களா மாப்ளே?" என்று மச்சான் அவர் காதுப்பக்கம் கத்தினார்.

"செல்லுமுங்க. கீழ உழுகலீங்களே. யார் புடிச்சாலும், எப்புடிப் புடிச்சாலும்னு நாந்தேன் சொன்னேன்." பிறகு மெஹராஜைப் பார்த்தார். "சொல்ல வெச்சுது அந்தப் புள்ள."

அந்த நேரத்தில் மண்டபத்திலிருந்து கிருபாசங்கரே வேலிப்பக்கமாக வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். கல்யாணத்துக்கு வந்த கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பதைக் காட்டி, "சார், இந்த எடத்தைப் பத்திச் சொல்றேன்னீங்களே" என்றார்.

பழக்கம் லேசில் விடுமா. மச்சான் உடனே, "நீங்க சொல்லுங்க மாப்ளே" என்றார். தம்பிதுரையும், "இல்லீங்க மச்சான், நீங்க…" என்று ஆரம்பித்தார்.

பாதியில் நிறுத்தினார். மைதானத்தைப் பார்த்தார், அதற்கு அப்பால், முன்பு சோளம் விளைந்த இடத்தில் நின்ற மண்டபத்தைப் பார்த்தார்.

"அது எனக்கு வேணுமுங்க" என்றார்.

ஒலிபெருக்கியை மீறிக் கேட்க வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து சொன்னார். அதே விநாடியில் பாட்டு முடிந்துபோயிற்று. தாளாளரின் குரல் மைதானம் முழுக்கப் போய், மண்டபத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. குழந்தைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கூச்சத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது. மச்சான் மட்டும் இரண்டு எட்டு நடந்து, மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கிருபாசங்கரும் வியாபாரிதான், முடிந்துபோன பேரம் எதுவென்று தெரிந்தவர். "செரிங்க, வேற எடம் பாத்துக்கறேன்" என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போகும்படி இருவரையும் அழைத்துவிட்டு நடந்தார். பாட்டுச் சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும்படி தம்பிதுரை அவர் முதுகைப் பார்த்துக் கேட்டார். வாய் ஒருமுறை திறந்தால் அப்படித்தான்.

மெஹராஜ் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஸ்கோர் எழுதுகிற பெருந்துறை ஆசிரியை பேனாவோடு வந்து, கடைசி அவுட்டைப் பிடித்தது யார் என்று கேட்டார்.

"அவருதானுங்க" என்று ரித்திகா ஆதர்ஷைக் காட்டினாள். "அவரு கையிலதான் மொதல்ல உழுந்துச்சு."

"இல்லீங்க, நீங்கதானுங்க புடிச்சீங்க."

"நீங்க கேட்ட பந்துங்க அது. உங்க பேரையே எழுதச் சொல்லுங்க."

"அய்யோ, வேண்டாமுங்க. நீங்க இல்லாட்டிக் கீழ உழுந்திருக்குமுங்க."

ஆசிரியை மெஹராஜைப் பார்த்தார். மெஹராஜ் காலையில் வாங்கி வந்திருந்த தேங்காய் பன்னை எடுத்துப் பிய்த்துக்கொண்டே, "உக்காருங்க மேடம்" என்றாள். "இதுக்கு நேரமாகும்."